டீ கப்பில் ஒட்டும் டெக்காலுக்கு எந்தச் சுங்க எண்?

நீங்கள் கேட்டது இது. விருத்தாசலத்தில் பீங்கான் கப்புக்கும் கண்ணாடி டம்ளருக்கும் படம் ஒட்டிச் சுட்டுக் கொடுக்கும் சின்ன யூனிட் உங்களுடையது. சீனாவிலிருந்து பூப்போட்ட டெக்கால் ஷீட்டுகளை, அதாவது அச்சிட்ட படத்தைக் கப்புக்கு மாற்றும் தாள்களை, முதல்முறையாக நேரடியாக இறக்குகிறீர்கள். சுங்க அட்டவணையில் பொருளை வகைப்படுத்தும் எண்ணாகச் சப்ளையர் இன்வாய்ஸில் 4821 என்று போட்டிருக்கிறார். கிளியரிங் ஏஜென்ட் 4911 என்கிறார். சாயம் விற்கும் நண்பர் 3207தான் என்று அடித்துச் சொல்கிறார். மூன்றில் எது? கூடவே, அதை ஒட்டிச் சுட்ட கப்பை வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன எண்?

மூன்றுமே இல்லை. உங்கள் சரக்கு 4908. எட்டு இலக்கத்தில் 4908 10 00 ஆகவே இருக்க வேண்டும், ஆனால் அந்த '10' என்பதற்கு மட்டும் ஆதாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். டெக்கால் சரக்கில் வரும் தகராறில் பாதி அந்த இரண்டு இலக்கத்தில்தான் வருகிறது.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். எண்ணைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பொருளைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. ஒரு டெக்கால் ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் ஒரு தாள். அதன்மேல் தண்ணீர் பட்டால் கரையும் ஒரு பசைப் பூச்சு. அதற்கும் மேலே ஸ்கிரீனில் அச்சான பூ. பூவைச் சுற்றி அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி, கண்ணாடிபோல ஒரு வார்னிஷ் விளிம்பு தெரியும். அதைத்தான் கவர்கோட் என்கிறோம். தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறப்போட்டால் தாள் சுருண்டு, பிறகு தானாக விரியும். விரிந்ததும் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் பூ மட்டும் வார்னிஷோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். கப்பில் வைத்து ரப்பரால் தண்ணீரை வழித்தெடுத்தால் வேலை முடிந்தது. தாள் குப்பைக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் சுங்கத்தில் உங்கள் வழக்கே இந்தக் கடைசி வரிதான்: படம் பொருளுக்குப் போகிறது, தாள் குப்பைக்குப் போகிறது.

4908 என்ற நான்கு இலக்கத் தலைப்பில் இருப்பது ஒரே சொல், 'டிரான்ஸ்ஃபர்ஸ்'. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டெக்கல்கோமேனியாஸ்'. உலக சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளில் இந்தத் தலைப்புக்குச் சொல்லியிருப்பதைப் படித்தால் உங்கள் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கும்: உறிஞ்சும் மெல்லிய தாளில், சில சமயம் பிளாஸ்டிக் தகட்டில், ஸ்டார்ச்சும் பசையும் பூசி, அதன்மேல் படம் அச்சிட்டு, ஈரமாக்கி அழுத்தினால் படம் கண்ணாடி, மண்பாண்டம், மரம், உலோகம் போன்ற நிலையான பரப்புக்கு மாறிவிடுவது. அழகுக்கு ஒட்டினாலும் சரி, இயந்திரத்தில் அடையாளம் போட ஒட்டினாலும் சரி. ஆகவே கப்பின் அடியில் போடும் உங்கள் கம்பெனி முத்திரைக்கான குட்டி டெக்காலும் இதே தலைப்புதான். அது லேபிள் வேலை செய்கிறது என்பதற்காக 4821க்குப் போகாது.

தொழிலும் பழசு. 1756 ஜூலை 27ஆம் தேதி லிவர்பூலில் ஜான் சாட்லர், கய் கிரீன் என்ற இருவர் ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாகப் பிரமாணப் பத்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள். கையால் வரைகிறவன் ஒரு நாளில் எத்தனை முடிப்பான் என்று யோசித்தால், ஏன் சத்தியம் பண்ண வேண்டி வந்தது என்று புரியும். அவர்கள் வழி வேறு, உங்கள் ஸ்கிரீன் வழி வேறு. ஆனாலும் வேறொரு இடத்தில் உருவான படத்தைக் கொண்டுவந்து பொருள்மேல் இறக்குகிற உத்தி அதேதான்.

இப்போது '10', '90' விவகாரம். 4908 10 என்பது விட்ரிஃபையபிள், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியாகிப் பிடித்துக்கொள்கிற டிரான்ஸ்ஃபர். 4908 90 மற்றவை. விட்ரிஃபையபிள் என்றால் 3207 தலைப்பில் வருகிற வகைச் சாயத்தால் அச்சிட்டது: உலோக ஆக்சைடு நிறமியும், குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடிப் பொடியும் கலந்தது. அந்தக் கண்ணாடிப் பொடியைத்தான் நாம் ஃப்ரிட் என்கிறோம். சூளையில் முந்நூறு, நானூறு டிகிரி தாண்டும்போது கவர்கோட் எரிந்து போய்விடும். பிறகு சூடு ஏற ஏற ஃப்ரிட் உருகி, நிறமியைப் பிடித்துக்கொண்டு மெருகோடு, அதாவது பாத்திரத்தின் கண்ணாடிபோன்ற மேல்பூச்சோடு, ஒட்டிவிடும். பீங்கானின் மெருகுக்கு மேலே ஒட்டுவதை 780 முதல் 850 டிகிரி வரை சுடுகிறோம். கண்ணாடி டம்ளரை 540 முதல் 620க்குள் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டம்ளரே தொய்ந்துவிடும். மெருகுக்குள்ளேயே அமிழ்ந்துபோகும் இன்கிளேஸ் வகைக்கு 1200க்கும் மேல். மூன்றும் 4908 10தான். தங்கக் கோடு இருந்தாலும் எண் மாறாது. அந்தக் கோடு சுடும் முன் டிகாக்‌ஷன் நிறத்தில் பழுப்பாக இருப்பதைப் பார்த்து, "தங்கம் எங்கே?" என்று கேட்ட அதிகாரி எனக்கு வாய்த்திருக்கிறார். அது தனிக் கதை.

கவர்கோட் எரிந்து போகும் பிளாஸ்டிக் பொருள் என்பதால் இது விட்ரிஃபையபிள் இல்லை என்று ஒரு வாதம் வரும். எரிவது படத்தைச் சுமந்து வந்த வாகனம் மட்டும். தங்குவது எது என்று பாருங்கள் என்பதே பதில்.

எது 4908 90? சூளைக்குப் போகாதவை எல்லாம். காபி மக்கில் (mug) போட்டோ போடும் சப்ளிமேஷன் பிரிண்ட் 200 டிகிரி வாக்கிலேயே முடிந்துவிடும். சாயம் ஆவியாகி, மக்கின் மேல் பூசியிருக்கும் பாலிமரில் ஏறுகிறது, கண்ணாடியாவது எதுவும் இல்லை. இப்போது கடைக்குக் கடை தொங்கும் யுவி டிடிஎஃப் படங்களும் அப்படித்தான்: டம்ளரில் அழுத்தித் தேய்த்து மேல் ஃபிலிமை உரித்தால் மையும் பசையும் மட்டும் தங்கும். ஸ்டிக்கர் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் ஃபிலிம் உரிந்து வந்துவிடுவதால் என் கணக்கில் அது டிரான்ஸ்ஃபர், 4908 90. உரிக்க ஃபிலிமே இல்லாமல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே ஒட்டிக்கொண்டால் அது வேறு ஜாதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒன்றும் உண்டு. கைவினைக் குயவர்கள் சிலர் சாதாரண லேசர் பிரிண்டரில் டெக்கால் தாளை ஓட்டி, டோனரில் இருக்கும் இரும்பு ஆக்சைடை நம்பிச் சுடுகிறார்கள். கருப்புப் படம் செம்பழுப்பாக மாறி மெருகில் நிற்கும். படம் சூட்டைத் தாங்குகிறது, ஆனால் அச்சிட்ட மையில் ஃப்ரிட் இல்லை. அது 3207 வகைச் சாயமே இல்லை. இதை 10 என்று போட எனக்குத் துணிச்சல் வராது, 90 என்பேன். டோனரிலேயே பீங்கான் நிறமியும் ஃப்ரிட்டும் கலந்த டிஜிட்டல் டெக்கால் தனியாகக் கிடைக்கிறது. அது சந்தேகமில்லாமல் 10.

சரி, மற்ற மூன்று எண்கள் ஏன் இல்லை?

உங்கள் நண்பரின் 3207தான் இவற்றில் கொஞ்சமாவது யோசித்த வாதம். 'தாள் குப்பைக்குப் போகிறது, கப்பில் தங்குவது என் சாயம்தானே, அப்புறம் இது சாயம் இல்லையா?' என்கிறார். 3207 என்பது சாயம் சாயமாகவே வரும்போது: டப்பாவில், பொடியாக, குழம்பாக, ஃப்ரிட் செதிலாக. அதே சாயம் ரோஜாப்பூவாக அச்சானதும் அது அச்சுத்தொழிலின் பொருளாகிவிடுகிறது, 49ஆம் அத்தியாயத்துக்கு, அதாவது 49இல் தொடங்கும் எண்களுக்கு, நகர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அட்டவணையிலேயே 'விட்ரிஃபையபிள்' என்று தனியாக ஒரு துணைத்தலைப்பு வைத்திருக்கிறார்களே. கண்ணாடிச் சாயத்தால் அச்சிட்டதெல்லாம் 3207க்குப் போவதாக இருந்தால் 4908 10 யாருக்காக?

4911 'மற்ற அச்சுப் பொருட்கள்'. வேறெங்கும் இடம் கிடைக்காத அச்சுப் பொருளுக்கான கடைசி பெஞ்ச். பெயர் சொல்லி 4908 இருக்கும்போது அங்கே போய் உட்காரக் காரணமே இல்லை. ஏஜென்ட் அதைச் சொன்னது பழக்கதோஷம். காலண்டர் ஷீட், கேட்டலாக் என்று தினமும் போடுகிறவர்களுக்குக் கை அங்கேதான் போகும்.

4821 தாள் லேபிள். லேபிள் என்றால் தாளும் சேர்ந்து பொருளில் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: 48ஆம் அத்தியாயத்தின் 12ஆம் குறிப்பு, அச்சுதான் முக்கியம் என்றால் அந்தத் தாள் 49க்குப் போக வேண்டும் என்கிறது, ஆனால் 4814, 4821 இரண்டுக்கும் விலக்குக் கொடுக்கிறது. அதனால் எத்தனை அழகாக அச்சிட்டாலும் லேபிள் 4821லேயே இருக்கும். 7ஆம் பிரிவின் 2ஆம் குறிப்பில் பிளாஸ்டிக்குக்கும் இதே ஏற்பாடு, விலக்கு 3918க்கும் 3919க்கும். ஆகவே பிளாஸ்டிக்கோடு சேர்ந்து ஒட்டுகிற, தானே ஒட்டும் ஸ்டிக்கர் 3919. மாதா கோயில் வண்ணக் கண்ணாடிபோலத் தெரியட்டும் என்று ஜன்னலில் ஒட்டும் வண்ணத்தாள் 4814, அந்தத் தலைப்பிலேயே 'ஜன்னலுக்கான ஒளி ஊடுருவும் தாள்' என்று இருக்கிறது. இவை எல்லாமே 'கண்ணாடியில் ஒட்டுகிற அலங்காரப் படம்' என்ற ஒரே வர்ணனைக்குள் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். இன்வாய்ஸில் அந்த மாதிரி ஒரு வர்ணனை இருந்தால் அதிகாரி எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் தள்ளலாம், அவர்மேல் குற்றமில்லை.

இன்னொரு பெயர்க் குழப்பம். படம் அச்சிடாத வெறும் டெக்கால் தாள் வாங்கினால் அது 4908 இல்லை, படமே இல்லையே. அது பூச்சுப் பூசிய தாள், 48ஆம் அத்தியாயம். அங்கே 4809இல் 'டிரான்ஸ்ஃபர் பேப்பர்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பாய்ந்துவிடாதீர்கள். அது கார்பன் பேப்பர் குடும்பம், நகல் எடுக்கிற தாள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. துறைமுகத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. டம்ளர் அச்சடிக்கும் ஒருவருக்கு நாலு பெட்டி டெக்கால் வந்தது. சப்ளையர் இன்வாய்ஸில் 'பேப்பர் ஸ்டிக்கர்' என்று இரண்டே சொல். நான் 4908 10 00 என்று பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்கான இறக்குமதிப் படிவம், போட்டேன், வர்ணனையை மட்டும் இன்வாய்ஸில் இருந்தபடியே விட்டுவிட்டேன். ஷெட்டில் பெட்டியை உடைத்ததும் அதிகாரி கேட்டார்: "பேப்பர் ஸ்டிக்கர்னு எழுதியிருக்கு, நீங்க டிரான்ஸ்ஃபர்னு சொல்றீங்க. எதை நம்பறது?" நியாயமான கேள்வி. என் டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் ஊற்றி ஒரு மூலைப் பூவை வெட்டிப் போட்டேன். அவர் குடித்துவிட்டு வைத்திருந்த டீ கிளாஸைத் துடைத்து அதன்மேல் பூவை வழுக்கி ஒட்டிக் காட்டினேன். சுற்றி நின்ற லோடுமேன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தாளைத் தடவிப் பார்த்தார், வெறும் தாள். "சரி, டிரான்ஸ்ஃபர்தான். ஆனா இது சுட்டா கண்ணாடியாகும்னு எப்படிச் சொல்றீங்க?"

அங்கேதான் மாட்டினேன். கையில் எந்தத் தாளும் இல்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது, ஆனால் அதற்குள் கிடங்கு வாடகை ஏறி, நாலு பெட்டி டெக்காலின் லாபம் அதிலேயே போனது. அன்றிலிருந்து டெக்கால் சரக்கென்றால், கப்பல் கிளம்பும் முன்பே சப்ளையரிடம் ஒரு பக்கத் தொழில்நுட்பத் தாள் கேட்டு வாங்கிவிடுகிறேன்: எந்த வகை மை, எத்தனை டிகிரியில் சுட வேண்டும், எந்தப் பரப்புக்கு. சுடும் சூடு 780 டிகிரி என்று அச்சில் இருந்தால் விவாதம் பாதியிலேயே நின்றுவிடும். சப்ளிமேஷன் சாயத்தை 780 டிகிரியில் யாரும் சுடமாட்டார்கள்.

சப்ளையர் அனுப்பும் மாதிரியை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஒரு துண்டை எவர்சில்வர் கரண்டியின் முதுகில் ஒட்டி, நன்றாகக் காயவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து கேஸ் அடுப்பில் காட்டுங்கள். கவர்கோட் புகைந்து எரியும், நாற்றமடிக்கும். சாதாரண மை என்றால் கடைசியில் கரி, தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஃப்ரிட் சாயம் என்றால் பூவின் வடிவம் நிறத்தோடு கரண்டியில் நிற்கும். சில நிறமிகளில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம், அதனால் அந்தக் கரண்டியை மறுபடி சாம்பாருக்குப் போடாதீர்கள். இது உங்கள் மன நிம்மதிக்கான சோதனைதான், சுங்கத்தில் ஆய்வக அறிக்கைதான் செல்லும்.

இனி காகித வேலை. இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் பில் ஆஃப் என்ட்ரியிலும் ஒரே வர்ணனை இருக்கட்டும். 'விட்ரிஃபையபிள் டிரான்ஸ்ஃபர்ஸ், டெக்கல்கோமேனியாஸ், ஸ்கிரீன் பிரிண்டட் வித் செராமிக் கலர்ஸ், வாட்டர் ஸ்லைடு டைப், ஃபார் செராமிக் டேபிள்வேர்' என்ற அளவுக்கு முழுசாக. கண்ணாடிக்கான ஷீட் தனி வரி, பீங்கானுக்கானது தனி வரி. எண் ஒன்றுதான், ஆனால் சுடும் சூடு வேறு. தொழில்நுட்பத் தாளோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது. அதே பெட்டியில் சாயம் டப்பாவும் வெறும் தாளும் வந்தால் அவற்றையும் தனித்தனி வரியாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் 'டெக்கால் மெட்டீரியல்ஸ்' என்று ஒரே வரியில் சுருட்டாதீர்கள்.

சப்ளையர் போட்ட 4821ஐத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எண் நம் நாட்டுச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முதல் ஆறு இலக்கம் உலகப் பொது என்பதால், அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக இருந்தால் கேள்வி வரும். வர்த்தக ஒப்பந்தச் சலுகைக்கு, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் வாங்குவதாக இருந்தால் இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம்.

வரி விகிதத்தை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. பட்ஜெட்டும் அறிவிக்கையும் மாற்றிக்கொண்டே இருப்பதால், பில் போடும் அன்றைக்கு அட்டவணையைப் பார்ப்பதுதான் முறை. ஆனால் விகிதம் ஒன்றாகத்தானே இருக்கிறது, எந்த எண் போட்டால் என்ன என்று மட்டும் நினைக்காதீர்கள். 2011 முதல் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி மதிப்பீடு இறக்குமதியாளரின் பொறுப்பு. ஏஜென்ட் தப்பாகப் போட்டாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். 28ஆம் பிரிவில் சாதாரணமாக இரண்டு வருடம் வரை, வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் ஐந்து வருடம் வரை, விட்டுப்போன வரியைப் பின்னோக்கிக் கேட்கலாம். இன்றைக்கு 4911இல் தப்பிப் போகும் பெட்டி, பத்து பில் சேர்ந்த பிறகு மொத்தமாகத் திரும்பி வரும்.

மாதாமாதம் இறக்கப் போகிறீர்கள், மையில் ஏதோ நிச்சயமில்லை என்றால் 28எச் பிரிவில் முன்கூட்டிய தீர்ப்புக் கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான ஆணையம் இருக்கிறது. சட்டமோ பொருளோ மாறாதவரை தீர்ப்பு சில வருடங்களுக்குச் செல்லும். முதல் சரக்கு ஏற்கெனவே கடலில் இருந்தால் அதற்கு நேரமில்லை. சந்தேகம் இருந்தால் 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரம் கொடுத்துப் பெட்டியை எடுத்துவிடுங்கள். ஆய்வக முடிவு வரும்வரை கிடங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் அன்று செய்திருக்க வேண்டியதும் அதுதான்.

கடைசியாக, ஒட்டிச் சுட்ட கப். சூளையை விட்டு வெளியே வந்ததும் டெக்கால் என்ற பொருளே அங்கே இல்லை, 4908க்கு அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. போர்சலைன் கப் 6911, மற்ற மண்வகைக் கப் 6912, கண்ணாடி டம்ளர் 7013, பொம்மையும் அலங்காரச் சிலையும் 6913. பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலைப்பு அதேதான். 6911ஆ 6912ஆ என்ற சந்தேகத்துக்கு, மெல்லிய கப் ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே விரலை வையுங்கள். விரலின் நிழல் வெளியே தெரிந்தால் போர்சலைன் பக்கம். தெரியாவிட்டால் உடைந்த ஒரு சில்லின் மெருகில்லாத ஓரத்தில் ஒரு சொட்டு மை வைத்துப் பாருங்கள், உறிஞ்சினால் 6912. உறிஞ்சவும் இல்லை, நிழலும் தெரியவில்லை என்றால் ஸ்டோன்வேராக இருக்கலாம். அப்போது களிமண் கலவையின் விவரத்தோடு எழுதுங்கள், பார்க்கலாம்.